மடிஞ்ச அட்டை

நீங்க வந்து உக்காந்ததும் ஒண்ணு கேட்டீங்க பாருங்க, அதுக்குப் பதில் சொல்லத் தெரியாமத்தான் இவ்வளவு நேரம் காப்பியை ஆத்திக்கிட்டிருந்தேன். பெட்டியில இருக்கிற அத்தனை காமிக்ஸும் அச்சாபீஸ்லேருந்து நேத்துத்தான் வந்த மாதிரி இருக்கு, இந்த ஒண்ணுக்கு மட்டும் மேலட்டை பின்னால மடிஞ்சு வெள்ளையா கோடு விழுந்திருக்கே, அதுவும் இருக்கிறதுலயே அபூர்வமான புத்தகத்துக்குன்னு கேட்டீங்க. மடிச்சது நான்தான். கை தவறி மடியல, தெரிஞ்சேதான் மடிச்சேன். ஏன்னு சொன்னா நீங்க திருச்சி போற வரைக்கும் பஸ்ஸுல சிரிச்சுக்கிட்டே போவீங்க. பரவாயில்ல, சிரிங்க, நானும் ஒரு காலத்துல அப்படிச் சிரிச்ச ஆளுதான்.

பேய் பிசாசு சமாச்சாரத்துக்கெல்லாம் நான் ஆளே இல்லீங்க. அரியலூர் ஸ்டேஷன்ல கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால தண்ணித் தொட்டிகிட்ட ஒரு பொம்பளை நிக்கிறான்னு போர்ட்டருங்க எல்லாம் அந்தப் பக்கம் போகவே மாட்டாங்க. எனக்கு அது ரொம்ப சௌகரியமாப் போச்சு. ஆள் வராத இடம், நிழல் வேற இருக்கும், மத்தியானத்துல அங்கதான் உக்காந்து புத்தகம் பாப்பேன். ஒரு பொம்பளையும் வரல, ஒரு எழவும் வரல. அப்பேர்ப்பட்ட ஆளு சொல்றேன்னு நெனச்சுக் கேளுங்க.

யுத்த காலத்துல நான் அந்த ஸ்டேஷன் பிளாட்பாரத்துல ஒரு புத்தகக் கடையில இருந்தேன். பட்டாள ரயில் போகும் வரும், எஞ்சினுக்குத் தண்ணி பிடிக்க நிக்கும். வெள்ளைக்கார சிப்பாய்ங்க ஜன்னல் வழியா கையை நீட்டி வாழைப்பழம் கேப்பாங்க, வேர்க்கடலை கேப்பாங்க, கொடுத்தா சில பேரு படிச்சு முடிச்ச படக்கதைப் புத்தகத்தை அப்படியே தூக்கிப் போடுவாங்க. அமெரிக்காக்காரன் புத்தகம். முகமூடி போட்டவன் கட்டடத்துக்குக் கட்டடம் தாவுவான், துப்பாக்கி சுட்டா புகை மஞ்சளாப் போகும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும், ஆனா படத்துக்கு என்னங்க பாஷை. முதல்ல சும்மா பாத்தேன், அப்புறம் சேக்க ஆரம்பிச்சேன், அப்புறம் தரம் பாக்கற பைத்தியம் பிடிச்சுது.

தரம் பாக்கறதை எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. கையைக் கழுவி ஈரம் போகத் துடைச்சுக்கணும். முதல்ல புத்தகத்தோட முதுகைப் பாக்கணும், நேரா இருக்கா சாஞ்சிருக்கான்னு. கம்பிப் பின்னு துரு ஏறியிருக்கா, மூலை நாலும் கூரா இருக்கா, பின்னட்டை விளம்பரத்துல கூப்பனை வெட்டி எடுத்திருக்கானா, இதெல்லாம் ஆச்சுன்னா ஒவ்வொரு தாளாப் புரட்டணும். அட்டையைப் பாத்து மயங்கிடக் கூடாது, நடுத்தாள்தான் முதல்ல கழண்டு போகும், அது இல்லேன்னா மத்ததெல்லாம் இருந்து பிரயோஜனமில்ல. முதல் தரம், சுமார், கழிசல், இவ்வளவுதான் என் கணக்கு.

இதையெல்லாம் பேசறதுக்கு அரியலூர்ல எனக்கு ஒரு ஜீவன் கிடையாது. என் சம்சாரம் விசாலம் சொல்லுவா, "எனக்குத் தலைவலின்னா ஏன்னு கேக்க நாதியில்ல, காகிதத்துக்கு மூலை மடங்கினா மனுஷன் சாப்பிட மாட்டேங்கறாரு"ன்னு. அவ சொல்றதுல தப்பே இல்லீங்க. ஆனா ஒரு நல்ல பிரதி கைக்குக் கிடைச்சு, அதைக் காட்ட ஆளில்லாம திரும்ப உள்ளே வைக்கிற கஷ்டம் இருக்கே, அது உங்களுக்குப் புரியும், அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்.

யுத்தம் முடிஞ்சதுக்கப்புறம் ஒரு ஆடி மாசம். குன்னத்துக்குப் பக்கத்துலேருந்து ஒரு குடியானவர் வெங்காய மூட்டையை ரயில்ல ஏத்த வந்தவரு என் கடையில நின்னாரு. உள்ளே நான் பிரிச்சு வச்சிருந்த காமிக்ஸைப் பாத்துட்டு, "இந்த மாதிரி எங்க வூட்டுல ஒரு பொட்டி நெறைய கெடக்குங்க"ன்னாரு. எனக்குக் கையில இருந்த சில்லறை கீழே விழுந்துடுச்சு. அவரு சம்சாரத்தோட தம்பி கலியபெருமாள் பட்டாளத்துல லாரி ஓட்டினவனாம், அஸ்ஸாம் பக்கம் அமெரிக்காக்காரங்களோட வேலையாம், மலைப் பாதையில லாரி உருண்டு செத்துட்டானாம். கூட இருந்தவன் பெட்டியைக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருக்கான். "என் வூட்டுக்காரி அதை விக்கவும் மாட்டேங்குறா, தூக்கிப் போடவும் மாட்டேங்குறா, வெவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து பாத்து சொன்னாத் தேவலைங்கறா"ன்னாரு.

அந்த வாரமே போனேன். அப்ப பஸ்ஸுக்குப் பெட்ரோல் கிடைக்காது, பின்னால கரி அடுப்பைக் கட்டித்தான் ஓட்டுவாங்க, மேட்டுல ஏறும்போது நாம இறங்கி நடந்தா பஸ்ஸுக்கு முன்னாடி போயிடலாம். காலையில ஒண்ணு போகும், பொழுது சாயறப்ப அதுவே திரும்பி வரும், விட்டா மறுநாள்தான். காத்துன்னா காத்து, ஆடிக்காத்து, கரிசல் மண்ணு அப்படியே எழும்பி மூஞ்சியில அறையுது. வீட்டுல அந்த அக்கா மட்டும்தான் இருந்தாங்க, பேரு அஞ்சலை. அவங்க வீட்டுக்காரரு காட்டுக்குப் போயிருந்தாரு. என்னைப் பாத்ததும், "வாங்க தம்பி, தண்ணி குடிங்க"ன்னு சொம்பைக் குடுத்துட்டு நேரா விஷயத்துக்கு வந்துட்டாங்க.

"எனக்கு வெல வேணாந்தம்பி. இந்தக் கடுதாசிக்கெல்லாம் மதிப்பு உண்டா இல்ல பைத்தியக்காரத்தனமா, அதை மட்டும் சொல்லுங்க போதும்."

ஏன்க்கா அப்படிக் கேக்கறீங்கன்னேன். கலியபெருமாள் சின்ன வயசுலேருந்தே படம் சேக்கறவனாம். மில் துணிக்கட்டு மேல கலர்ல படம் ஒட்டி வருமே, புலி, மயில், தேர்னு, அதெல்லாம் துணிக்கடையில கெஞ்சி வாங்கியாந்து சேத்து வச்சிருந்தானாம். வேலை வெட்டிக்குப் போகாம அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்னு ஒருநாள் இந்த அக்காவுக்குக் கோவம் வந்து, மொத்தத்தையும் அள்ளி அடுப்புல போட்டுட்டாங்களாம். அப்ப அவன் இலையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தானாம். பாதிச் சோத்துல கையை உதறிட்டு எழுந்திரிச்சவன், அடுப்புல கையை விட்டு எதையோ எடுத்துக்கிட்டு வெளியே போயிட்டானாம்.

"வாசப்படல் வரைக்கும் போயி நின்னான் தம்பி. திரும்பிப் பாப்பான்னு நெனச்சேன். பாக்கல. அப்படியே பஸ் ஏறிப் போயி பட்டாளத்துல சேந்துட்டான். நான் எரிச்சது குப்பையா பொக்கிசமான்னு கூட எனக்குத் தெரியாது."

அழல அந்த அக்கா. சொல்லிட்டு, நீங்க பெட்டியைப் பாத்துக்கிட்டிருங்க, நான் ஒல வச்சிட்டு வரேன்னு போயிட்டாங்க.

பெட்டி பருத்தி அறையில இருந்துச்சு. பருத்தி எடுத்து குமிச்சு வைக்கிற அறை, அந்த மாசத்துல காலியா கிடந்துச்சு, மூலையில மட்டும் பஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. ஜன்னலே கிடையாது. கூரையில ஒரு கண்ணாடி ஓடு, அதுலேருந்து சதுரமா வெளிச்சம் கீழே விழும். பனம்பலகையில ஒரே ஒரு கதவு. நான் பெட்டியைத் திறந்ததும் காத்து உள்ளே புகுந்து மேலாக இருந்த புத்தகத்தோட அட்டையைப் படபடன்னு அடிச்சுது பாருங்க, எனக்கு உசுரே போயிடுச்சு. வேற யாரா இருந்தாலும் வேர்வைக்குக் காத்து வரட்டும்னு கதவைத் திறந்துதான் வச்சிருப்பான். நம்மளை மாதிரி ஆளுங்களுக்குத்தான் அந்தப் புத்தி வராது. நானே எழுந்து கதவைச் சாத்தி உள்பக்கம் கட்டையைப் போட்டேன். வேர்வை தாள்ல சொட்டக் கூடாதுன்னு சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, துண்டை மடியில விரிச்சுக்கிட்டு உக்காந்தேன்.

பச்சை பெயிண்ட் அடிச்ச பட்டாளத்துப் பெட்டி. மூடிக்கு உள்பக்கம் நூல்ல ஒரு பென்சில் கட்டித் தொங்குது, எச்சில் தொட்டு எழுதினா ஊதாவா எழுதுமே, காப்பியிங் பென்சில், அது. புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பினா, உள்பக்கத்து மூலையில ஊதா கலர்ல பொடியா 'அ'ன்னு எழுதியிருக்கு. எனக்குச் சுர்ருன்னு கோவம் வந்துச்சு, புத்தகத்து மேல எழுதறவனைக் கண்டாலே ஆகாது எனக்கு. அடுத்ததுல 'ஆ'. அதுக்கடுத்ததுல 'இ', பக்கத்துலயே 'நடுத்தாள் இல்லை'ன்னு. அப்பத்தான் உறைச்சுது, இவனும் தரம் பாத்திருக்கான்.

அப்புறம் நான் ஒரு வேலை பண்ணினேன். அந்த மூலையைக் கட்டை விரலால மூடிக்கிட்டு, நானா ஒவ்வொண்ணையும் பாத்து முதல் தரமா, சுமாரா, கழிசலான்னு முடிவு பண்ணிட்டு, அப்புறம் விரலை எடுத்துப் பாப்பேன். அப்படியே ஒத்துப் போகுது. ஒரு புத்தகத்துல பின்னுகிட்ட மயிரிழை மாதிரி ஒரு கிழிசல், எவனும் கவனிச்சிருக்க மாட்டான், நான் 'சுமார்'னு போட்டேன், விரலை எடுத்தா 'ஆ'. நம்புங்க நம்பாமப் போங்க, எனக்குச் சந்தோஷம் தாங்கல. என் ஆயுசுல என்னைப் புரிஞ்சுக்கக் கூடிய ஒரே ஆளு, பஸ்ஸுல போனா ஒரு பொழுது தூரத்துல இருந்திருக்கான், இப்பப் போயிட்டான். வாய் விட்டே சொல்லிட்டேன், "நீ மட்டும் இருந்திருந்தா எதிர எதிர உக்காந்து பேசியிருக்கலாமேப்பா"ன்னு. சொல்லியிருக்கக் கூடாது. அப்ப யாருக்குத் தெரியும்.

ஒரே ஒரு இடத்துலதான் எங்களுக்கு ஒத்துப் போகல. பெட்டிக்கு அடியில துணியில சுத்தி ஒரு மயில் படம், துணிக்கட்டுப் படம். பாதி எரிஞ்சு கருகி ஓரமெல்லாம் தொட்டாலே உதிருது. அடுப்புலேருந்து எடுத்திருக்கான் போல. எந்தக் கணக்குல பாத்தாலும் கழிசல். அதுக்குப் பின்னால 'அ'ன்னு போட்டிருந்தான்.

மெழுகுத் துணியில தனியா சுத்தி வச்சிருந்தது இதோ இந்தப் புத்தகம், நீங்க கேட்டது. கையை இன்னொரு தடவை துண்டுல துடைச்சுக்கிட்டுத்தான் இதைப் பிரிச்சேன். மூலை ஒவ்வொண்ணும் குத்தும். சிவப்பு அப்பிடியே ஈரமா இருக்கிற மாதிரி இருக்கு. 'அ'. அதுல சந்தேகமே இல்ல. மடியில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன் போல, தலையைத் தூக்கினா கண்ணாடி ஓட்டு வெளிச்சம் சுவர் மேல ஏறிடுச்சு. நாக்கு வறண்டுது. எழுந்து போய்க் கட்டையை எடுத்துட்டுக் கதவை இழுத்தேன்.

வரல.

காத்துக்கு இறுகியிருக்கும்னு பலம் கொண்ட மட்டும் இழுத்தேன், காலை நிலையில முட்டுக் குடுத்து இழுத்தேன். அசையல. அந்த அக்கா வெளியில நாதாங்கி போட்டிருப்பாங்களோன்னு, அக்கா, அக்கான்னு கூப்பிட்டேன். பதில் இல்ல. கதவுல ரெண்டு பலகைக்கு நடுவுல விரல் அகலத்துக்கு ஒரு இடுக்கு இருந்துச்சு, அதுல கண்ணை வச்சுப் பாத்தேன். வாசல் வெயில்ல பளீர்னு தெரியுது. அஞ்சலை அக்கா கைக்கு எட்டற தூரத்துல நிக்கிறாங்க, வாழையிலையைக் கழுவிக்கிட்டு. நான் தொண்டை கிழியக் கத்தறேன், அவங்க தலையைக் கூடத் திருப்பல. கதவைக் குத்தறேன், என் காதுக்கே சத்தம் பஞ்சு மூட்டையைக் குத்தற மாதிரி கேக்குது. ஆனா அவங்க பக்கத்துச் சத்தம் எல்லாம் எனக்கு நல்லாக் கேக்குது. இலையிலேருந்து தண்ணி சொட்டறது வரைக்கும் கேக்குது.

எனக்கு அப்பத்தான் பயம் வந்துச்சு. அது பேய்ப் பயம் இல்லீங்க, மூச்சு முட்டற பயம். அறை சின்னதாயிட்டே வர்ற மாதிரி. சரி, பதறக் கூடாது, சட்டையைப் போட்டுக்கிட்டு நிதானமா யோசிப்போம்னு திரும்பினா ஆணியில சட்டை இல்ல. கீழே விழுந்திருக்கும்னு தேடினேன். அந்த அறையில பெட்டியையும் என்னையும் தவிர எதுவும் கிடையாது, எங்க போய்த் தேட.

மறுபடி இடுக்குல கண்ணை வச்சேன். இலை போட்டாச்சு. அக்கா சோறு போடறாங்க. இலைக்கு முன்னால ஒரு ஆளு உக்காந்திருக்கான். எனக்கு முதுகுதான் தெரியுது. அது என் சட்டை. தோள்பட்டையில விசாலம் ஒட்டுப் போட்ட இடம் தெரியுது. தலைமுடி என் முடி, காதுக்குப் பின்னால எனக்கு இருக்கிற மச்சம் வரைக்கும் தெரியுது. தன்னோட முதுகை எவனாச்சும் பாத்திருக்கானா சொல்லுங்க. நான் பாத்தேன். அது வாரிச் சாப்பிடுது. கருவாட்டுக் குழம்பு, வாசனை இடுக்கு வழியா வருது. எங்க வீடு சைவம், நான் அதுவரைக்கும் அதைத் தொட்டதே இல்ல.

அது ஏதோ பேசுது. குரல் தாழ இருக்கு, வார்த்தை பிடிபடல. அக்கா கரண்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, அப்படியே உக்காந்தாங்க, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க, அப்புறம் அழுகையும் சிரிப்புமா தலையை ஆட்டறாங்க. அது ஒரு பருக்கை விடாம வழிச்சுச் சாப்பிட்டுட்டு இலையைத் தன் பக்கமா மடிச்சுது. எனக்கு அந்த நேரத்துலயும் மனசுக்குள்ள தோணிச்சு, பாதிச் சோத்துல எழுந்து போனவன் சாப்பாட்டை முடிக்க வந்திருக்கான், முடிச்சுட்டுப் போகட்டும்னு. நிஜமாவே அப்படித்தான் நெனச்சேன்.

அப்பத்தான் பஸ் ஹாரன் கேட்டுச்சு.

அது எழுந்திரிச்சுக் கையைக் கழுவி, திண்ணையில நான் வச்சிருந்த பையை எடுத்துத் தோள்ல மாட்டுது. அக்கா, "போயிட்டு வாங்க தம்பி, இருட்டறதுக்குள்ள அரியலூர் போயிடுவீங்க"ங்கறாங்க. இது பஸ் ஏறப் போகுது. அரியலூர் போகும், என் வீட்டுக் கதவைத் தட்டும், விசாலம் திறப்பா, சட்டையை வாங்கி மாட்டுவா. நான் இங்க பருத்தி அறையில கிடப்பேன். அடுத்த வருஷம் மாசி மாசம் பருத்தி கொட்ட வரும்போதுகூட யாரும் என்னைப் பாக்க மாட்டாங்க. செத்துப் போறதா இருந்தாக்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. கதவுல தலையை முட்டினேன், கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன், ஆண்டவனைக் கூப்பிட்டேன். அது நடந்துக்கிட்டே இருக்கு.

வாசப்படலுக்குக் கிட்டப் போயிடுச்சு. அதை எப்படி நிறுத்தறது? பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், கலியபெருமாள்னு, அதுவும் கேக்கல. அப்பத்தான் எனக்கு என் கையில இருக்கிறது என்னன்னு நெனப்பு வந்துச்சு. அவ்வளவு நேரமும் இந்தப் புத்தகத்தை நெஞ்சோட அணைச்சு வச்சிருந்திருக்கேன், கதவைக் குத்தும்போது கூட அதுக்கு அடி படாம ஒரு கையாலதான் குத்தியிருக்கேன், பாருங்க எங்க புத்தியை. நான் இப்படின்னா அவனும் இப்படித்தானே. எந்தச் சத்தம் கேட்டா நான் எங்க இருந்தாலும் ஓடி வருவேன்னு யோசிச்சேன்.

இடுக்குகிட்டப் புத்தகத்தைக் கொண்டு போய், மேலட்டையைப் பிரிச்சு, பின்பக்கம் வரைக்கும் வளைச்சு, கட்டை விரலால அழுத்தி மடிச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. நறுக்குனு ஒரு சத்தம். சின்னச் சத்தந்தான்.

அது நின்னுடுச்சு. படல் மேல ஒரு கையை வச்சுக்கிட்டு அப்படியே நிக்குது. நான் நகத்தைப் புத்தகத்தோட கம்பிப் பின்னுக்கு அடியில குடுத்து நெம்பினேன்.

அது திரும்பிச்சு.

நான் கண்ணை மூடிக்கிட்டேன். அந்த மூஞ்சியைப் பாக்கற தெம்பு எனக்கு இல்ல.

கண்ணைத் திறந்தப்ப மூஞ்சியில வெயில் அடிக்குது. நான் படல்கிட்ட நிக்கிறேன். ஒரு கை படல் மேல இருக்கு, தோள்ல பை தொங்குது, மேல சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருக்கு, நான் என்னைக்கும் அதைப் போட்டதில்ல. வீட்டைப் பாத்துத் திரும்பி நிக்கிறேன். எதிர பருத்தி அறைக் கதவு சாத்தியிருக்கு. அஞ்சலை அக்கா என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, ரெண்டு கண்ணுலேருந்தும் தாரையா வழியுது.

"திரும்பிப் பாத்துட்டீங்க"ன்னாங்க. அப்புறம் தன்னையே சமாளிச்சுக்கிட்டு, "எதையாச்சும் மறந்துட்டீங்களா தம்பி?"ன்னாங்க.

புத்தகம்னு சொன்னேன். என் குரல் வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. போய்க் கதவைத் தள்ளினேன், பட்டுனு திறந்துக்கிச்சு. உள்ளே யாரும் இல்ல. உள்பக்கத்துக் கட்டை சுவர்ல சாஞ்சு நிக்குது. புத்தகம் கதவோரமா தரையில கிடக்கு, மடிஞ்ச அட்டையோட. எடுத்துக்கிட்டு வெளியே வந்து அக்காகிட்ட கேட்டேன், நான் சாப்பிடறப்ப உங்ககிட்ட என்னக்கா சொன்னேன்னு. அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க.

"நீங்களே சொல்லிட்டு என்னையே கேக்குறீங்களே தம்பி. பொட்டியில இருக்கறதுக்கெல்லாம் மதிப்பு உண்டு, ஆனா அன்னைக்கு அடுப்புல எரிஞ்சது பூராவும் கழிசல், விடுக்கான்னு சொன்னீங்க. விடுக்கான்னு நீங்க சொன்னப்ப ஒரு நிமிசம் அவன் கொரலாட்டமே இருந்துச்சு. எனக்கு மனசு ஆறிப்போச்சு. பொட்டியை நீங்களே வச்சுக்குங்க."

அந்த மயில் படத்துக்குப் பின்னால அவன் போட்டிருந்த 'அ' எனக்குத் தெரியும். அவ்வளவு நேர்மையா தரம் போட்டவன் ஆயுசுக்கும் ஒரே ஒரு பொய்த் தரம் போட்டிருக்கான், எரிஞ்சதெல்லாம் கழிசல்னு, அதுவும் அக்காகிட்ட. அதை நான் ஏன் கெடுக்கணும். பெட்டி மறுவாரம் வெங்காய வண்டியில வந்து சேந்துச்சு.

அன்னைக்கு பஸ் பிடிச்சு வீடு வந்து சேந்தேன். விசாலம் சட்டையை வாங்கினவ மூக்கைச் சுருக்கினா. "என்னங்க, கையெல்லாம் கருவாடு நாத்தம்"னா. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், "நாவப்பழம் வாங்கித் தின்னீங்களா, எனக்கு ரெண்டு கொண்டாரக் கூடாதா"ன்னா. கண்ணாடியில போய்ப் பாத்தேன். நாக்கு பூராவும் ஊதா. நான் அன்னைக்கு நாவப்பழத்தைக் கண்ணால பாக்கல. காப்பியிங் பென்சிலை என் வாழ்க்கையில நாக்குல வச்சதில்ல.

அப்புறந்தான் இந்தப் புத்தகத்தோட பின்னட்டையைத் திருப்பினேன். இந்தாங்க, நீங்களே பாருங்க. பழைய 'அ' இருக்கா, அதை ஒரு கோடு அடிச்சிருக்கு. கீழே 'இ, அட்டை மடிஞ்சது'. நான் அறையில பாத்தப்ப 'அ' மட்டுந்தான் இருந்துச்சு, சத்தியமா சொல்றேன். ரெண்டையும் உத்துப் பாருங்க, மேல இருக்கிறது அவன் எழுத்து. கீழே இருக்கிறது என் எழுத்து.

இதை வச்சு நீங்க என்ன வேணா சொல்லிக்கலாம். வெயில்ல மயக்கம் போட்டு விழுந்திருப்பேன், நானே வெளியே வந்து சாப்பிட்டு நானே எழுதியிருப்பேன், எனக்கு நெனப்பில்லாமப் போச்சுன்னு. நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். எனக்கு ஒரு விஷயந்தான் இன்னைக்கு வரைக்கும் உறுத்துது. நான் படலுக்குப் பக்கத்துலேருந்து திரும்பினப்ப அறைக்குள்ள யாரும் இல்லேன்னு சொன்னேனே, கதவைத் திறந்த பிறகு பாத்ததைச் சொன்னேன். திறக்கறதுக்கு முன்னாடி, அந்த வாசல்ல நடந்து வரும்போது, இடுக்குல ஒரு கண்ணு தெரிஞ்சுது, நான் உள்ளேருந்து பாத்துக்கிட்டிருந்த அதே இடத்துல. அதை நான் விசாலத்துக்கிட்ட கூடச் சொன்னதில்ல.

கருவாடு இப்ப எனக்கு இல்லாம முடியாது. விசாலம் முணுமுணுத்துக்கிட்டே கொல்லையில தனி அடுப்பு வச்சு ஆக்கிப் போடறா. எப்பவாச்சும் ஆடி மாசத்து மத்தியானத்துல, நான் இலையில உக்காந்து பாதி சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது, அந்தப் பெட்டி இருக்கிற உள்ளறையிலேருந்து நறுக்குனு ஒரு சத்தம் கேக்கும், அட்டை மடியற சத்தம். போய்ப் பெட்டியைத் திறந்து பாத்தா ஒரு புத்தகத்துலயும் புதுசா மடிப்பு இருக்காது. அந்தச் சத்தத்தை யாரு, யாரைத் திருப்பறதுக்காகப் பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதனால இப்பல்லாம் நான் எழுந்து போறதில்ல, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. தலையைக் குனிஞ்சு சோத்தை முடிச்சுட்டு இலையை மடிச்சிடறேன்.